உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது என்று அதுவே சொல்லும்

● நேற்று இரவு நீங்கள் ஷட்டவுன் செய்த கம்ப்யூட்டர் முழுதாக அணைந்திருக்காது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்ததும் நீங்கள் திறந்து வைத்திருந்தவை மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதி வைக்கப்படும். மறுநாள் அந்த ஃபைலை எடுத்து விரித்துக்கொள்வதால்தான் இவ்வளவு சீக்கிரம் ஆன் ஆகிறது. கூடவே நேற்றைய கோளாறும் விரிந்துவிடும்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. மதிப்பெண் பட்டியல் ஏற்ற வேண்டிய வாரத்தில் லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டாள். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியாக்கா?" என்றேன். "தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானடா படுக்கிறேன், அப்புறம் எதுக்கு ரீஸ்டார்ட்டு?" என்றாள். நேரில் போய், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு-வைத் தொட்டேன். வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்ற இடத்தில் 23:04:17:52 என்று இருந்தது. 23 நாள், 4 மணி, 17 நிமிடம், 52 விநாடி. தினமும் அணைத்த லேப்டாப்பில் விண்டோஸ் 23 நாளாகப் புதிதாகத் தொடங்கவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தோம். ஐந்து நிமிடத்தில் பட்டியல் ஏறத் தொடங்கியது.

ரீஸ்டார்ட் என்பது ஷட்டவுனின் சின்னத் தம்பி என்றுதான் பலரும் நினைக்கிறோம். விண்டோஸைப் பொறுத்தவரை அதுதான் அண்ணன்: உட்கருவை அடியோடு இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது ரீஸ்டார்ட்தான். ஷட்டவுனே முழுதாக நடக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுனைத் தட்டுங்கள்.

● டாஸ்க் மேனேஜரை எழுதியவர் பெயர் டேவ் பிளம்மர். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் ஓய்வு நேரத்தில் தன் சொந்த உபயோகத்துக்கு எழுதத் தொடங்கியது அது. 1996-இல் விண்டோஸ் என்டி 4.0 வெளிவந்தபோது அதோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. எக்ஸ்பி காலத்தில் மணிக்கணக்காகப் பின்பால் ஆடியவர்களுக்கு இன்னொரு சேதி: அந்த விளையாட்டை விண்டோஸ் என்டி-யில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தவரும் இவரே.

● அந்த டாஸ்க் மேனேஜரே ஹேங் ஆகிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் மறுபடி அழுத்துங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸ் கூப்பிட்டுப் பார்க்கும். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால் புதிதாக இன்னொன்றைத் திறந்து கொடுக்கும்.

● கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட், ஐபிஎம் நிறுவனத்தின் டேவிட் பிராட்லி வைத்த கூட்டணி. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசி-யை உருவாக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டாமே என்று செய்தார். முதலில் அவர் தேர்ந்தெடுத்தது கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப். மூன்றும் இடப்பக்கமே இருப்பதால் கை தவறிப் பட்டாலும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும் ஆபத்து இருந்தது. அதனால் ஒரு விசையை வலக்கோடிக்கு மாற்றினார்கள். இரண்டு கையும் வேண்டும் என்பதுதான் அதன் பாதுகாப்பு.

● டாஸ்க் மேனேஜர் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 97 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். சிபியு-வில் 97 சதவீதம் சும்மா இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வேலை எதுவும் இல்லாத நேரத்தைக் கணக்கில் எழுத ஒரு பெயர் வேண்டுமே, அதற்கு வைத்த பெயர் அது. அதை 'எண்ட் டாஸ்க்' செய்யப் பார்த்து, முடியவில்லையே, வைரஸ்தான் என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

● டாஸ்க் மேனேஜரில் லிஸ்ட் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கிறதா? கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடியுங்கள். விடும்வரை அப்படியே நிற்கும்.

● 'டிஸ்க் 100%' என்றால் ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பொருள் இல்லை. அந்த நொடியில் டிஸ்குக்கு ஓய்வே இல்லை என்று பொருள். இது புரிந்தால் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமில்லை.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு சார், புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சான்றிதழ் பிரின்ட் எடுக்க வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு 7 சதவீதம், மெமரி 50 சொச்சம், டிஸ்க் மட்டும் 100. டிஸ்க் வரைபடத்துக்குக் கீழே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். அவருடைய மெஷினில் அது 380 மில்லி விநாடி. ஒரு துண்டுத் தகவல் கேட்டால் எடுத்துத் தர அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஃபைலைத் திறக்க இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள் வேண்டும்.

காரணம் இயந்திரத்திலேயே இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் உண்மையிலேயே சுழலும் ஒரு தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி தாங்கிய கை உள்ளும் புறமும் நகரும் நேரம் தனி. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களாக இருந்தால், விநாடிக்குச் சுமார் நூறு இடங்களை எட்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். எஸ்எஸ்டி-யில் சுழல்வதும் இல்லை, ஊசியும் இல்லை. அது இந்த வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும். அவருக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கவில்லை. ஓர் எஸ்எஸ்டி மட்டும் போட்டோம். அதே சிபியு, அதே மெமரி. வரிசை வாசலைத் தாண்டவில்லை.

உங்கள் மெஷினில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளக் கழற்ற வேண்டியதில்லை. 2020-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து டாஸ்க் மேனேஜரே டிஸ்க் பெயருக்கு அருகில் எச்டிடி, எஸ்எஸ்டி என்று எழுதிக் காட்டுகிறது.

● எஸ்எஸ்டி-யை 'டிஃப்ராக்' செய்ய, அதாவது சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்க, வேண்டியதில்லை. விண்டோஸில் இருக்கும் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' எது எந்த வகை என்று பார்த்து, சுழலும் தட்டுக்கு டிஃப்ராக், எஸ்எஸ்டி-க்கு, அழித்த இடங்கள் எவை என்று அதற்குச் சொல்லும் 'ட்ரிம்' என்று தானாகவே செய்துகொள்கிறது. இதற்கென்று வெளியே தனி சாஃப்ட்வேர் வாங்குவது வீண்.

● மெமரி நிரம்பியிருப்பது நோய் அல்ல. சமையலறையில் அஞ்சறைப் பெட்டியைக் காலியாக வைத்துவிட்டு, கடுகு தேவைப்படும்போதெல்லாம் பரணில் ஏறி எடுப்பவர் யாரும் உண்டா? விண்டோஸும் அப்படித்தான். அடிக்கடி நீங்கள் திறப்பவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, சும்மா கிடக்கும் மெமரியில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு கடைக்கு வந்த பழக்கம் இது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'கேச்டு' என்று தெரிவது இந்த இருப்புதான். வேறு ப்ரோகிராமுக்கு இடம் வேண்டுமென்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

அதனால்தான் 'ஒரே கிளிக்கில் மெமரியைக் காலி செய்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர்களை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை அஞ்சறைப் பெட்டியைப் பரணில் கொட்டிவிடுகின்றன. அடுத்த நிமிடம் அதே கடுகுக்காக விண்டோஸ் மறுபடி ஏணி போட வேண்டும்.

● அப்படியானால் மெமரி நிஜமாகவே போதவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, மெமரி பக்கத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்ற வரைபடத்தைப் பாருங்கள். பெயர் பயமுறுத்தும், ஆனால் கோளாறு அல்ல. வேண்டிய பக்கம் மெமரியில் இல்லாமல் டிஸ்க் வரை போய் எடுத்த தடவைகளின் எண்ணிக்கை அது. ஒரு ப்ரோகிராமைத் திறக்கும்போது விர்ரென்று ஏறி இறங்கினால் சகஜம். நீங்கள் ஒன்றும் புதிதாகத் திறக்காமலேயே நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்கில் நின்றால், அப்போது கூடுதல் ரேம் வாங்குவதற்குக் காசு ஒதுக்கலாம்.

● 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்த ப்ரோகிராம் செத்துவிட்டது என்று எண்ணிக் கொன்றுவிடாதீர்கள். விசை தட்டியதையோ மவுஸ் அசைத்ததையோ ஒரு ப்ரோகிராம் 5 விநாடி வரை வந்து கவனிக்கவில்லையென்றால் விண்டோஸ் இந்த அடையாளத்தை ஒட்டிவிடும். 5 விநாடிதான்! 40,000 வரி கொண்ட எக்செல் ஷீட்டில் ஒரு ஃபார்முலாவை இழுத்துவிட்டால் அதற்கு மேலும் ஆகும். டாஸ்க் மேனேஜரில் அந்த எக்செல்லின் சிபியு எண் அசைந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அசைந்தால் அது வேலையில் இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் ரிசோர்ஸ் மானிட்டரில் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' கொடுங்கள். அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று சங்கிலியாகக் காட்டும். பல சமயம் எக்செல்லின் மேல் தவறே இருக்காது. பிரின்டர் சார்ந்த வேறொன்று வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

● ஆன் ஆனதும் தானாகத் திறப்பவற்றின் பட்டியல் முன்பு வேறொரு மூலையில் இருந்தது. விண்டோஸ் 8-இல் டாஸ்க் மேனேஜருக்குள் வந்தது. அதில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்: ஹை' என்று வருவதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது: துவக்கத்தில் சிபியு-வை 1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிற, அல்லது டிஸ்கில் 3 எம்பி-க்கு மேல் படித்து எழுதுகிற எல்லாம் 'ஹை'. 'டிஸேபிள்' கொடுத்தால் அந்த ப்ரோகிராம் அழியாது. நீங்கள் கூப்பிடும்போது வரும், கூப்பிடாமல் வராது. ஆன்டிவைரஸையும் டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

● பட்டியலில் 'எஸ்விசிஹோஸ்ட்' என்று ஐம்பது, அறுபது வரி இருப்பது வைரஸ் அல்ல. விண்டோஸின் உள்வேலைக்காரர்களைத் தாங்கி நிற்கும் பொதுப் பெயர் அது. முன்பு ஒரே பெயருக்குள் பத்துப் பேரை அடைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் விழுந்தால் கூடவே மற்றவர்களும் விழுவார்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபி-க்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தனித்தனி அறை. வரி கூடியது, யார் சிபியு-வைத் தின்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது சுலபமானது.

● குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. குரோமில் ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தனித்தனியே காட்டும். மொத்த பிரவுசரையும் மூடாமல் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தலாம்.

● சிபியு பக்கத்தில் 'பேஸ் ஸ்பீட்', 'ஸ்பீட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். வேலை மும்முரமாக நடக்கும்போது ஸ்பீட் பெரும்பாலும் பேஸ் ஸ்பீடுக்கு மேலே இருக்க வேண்டும். பேஸ் 2.40 என்று இருந்து, வீடியோ எடிட் செய்யும் நேரத்தில் ஸ்பீட் 0.79-இல் படுத்துக் கிடந்தால், சூடு தாங்காமல் சிபியு தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருக்கலாம். ஃபேனில் அடைந்த தூசிதான் முதல் சந்தேகம். கட்டிலில், மெத்தை மேல் வைத்து வேலை பார்ப்பது இரண்டாவது. பொருந்தாத சார்ஜரும் இதைச் செய்யும். சித்திரை, வைகாசியில் இந்த எண்ணை அடிக்கடி பாருங்கள்.

● மேக்புக்கில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால் 'கெர்னல் டாஸ்க்' என்று ஒன்று சிபியு-வைப் பெருமளவு விழுங்குவதாகக் காட்டும். குற்றவாளி போலத் தெரிந்தாலும் காவல்காரர் அதுதான். சிபியு சூடேறும்போது, சூடாக்கும் ப்ரோகிராம்களுக்கு இடம் கிடைக்காதபடி நாற்காலியைத் தானே பிடித்துக்கொள்கிறது. இதை ஆப்பிள் நிறுவனமே விளக்கியிருக்கிறது.

● மேக்கிலும் லினக்ஸிலும் ஒரு ப்ரோகிராம் 340 சதவீதம் சிபியு என்று காட்டினால் கணக்குப் பிழை இல்லை. அங்கே சிபியு-வுக்குள் இருக்கும் ஒரு கோருக்கு 100 வீதம் எண்ணுகிறார்கள். விண்டோஸில் எல்லாக் கோரும் சேர்ந்தே 100.

● திரை மட்டும் உறைந்து, பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, 'ஏ'-க்கு அடுத்த எழுத்தான 'பி' அழுத்துங்கள். ஒரு பீப் சத்தம், கண நேர இருட்டு. கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். சேமிக்காத வேலை பத்திரமாக இருக்கும்.

● லேப்டாப் பேட்டரிக்கு ரகசியக் குறிப்பேடு ஒன்று உண்டு. ஸ்டார்ட் மெனுவில் தேடிக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். பிரவுசரில் திறக்கும் ஓர் அறிக்கையை எழுதி, எங்கே வைத்திருக்கிறது என்றும் சொல்லும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இரண்டையும் பாருங்கள். முதலாவது 41,000, இரண்டாவது 24,600 என்றால் அந்த பேட்டரியின் உயிர் 60 சதவீதம்தான் மிச்சம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறீர்களென்றால் விலை பேசுவதற்கு முன் இந்த அறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். கார் வாங்கும்போது கிலோமீட்டர் பார்ப்பதில்லையா?

● விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் 'ஈவன்ட் வியூவரை'த் திறந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் சிவப்புக் குறிகள் இருக்கும். நன்றாக ஓடும் புத்தம் புது மெஷினிலும் இருக்கும். நெட்வொர்க் வர ஒரு விநாடி தாமதமானால்கூட அதில் ஒரு வரி விழும். இது தெரியாதவர்களைக் குறிவைத்து ஒரு மோசடியே நடக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், நாங்கள் சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம்' என்று போன் வரும். ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, சிவப்பைக் காட்டிப் பயமுறுத்தி, ரிமோட் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். பிறகு பேங்க் கணக்கு அவர்கள் கையில். அப்பா, அம்மா தனியாக இருக்கும் வீடுகளில் இதை இன்றே சொல்லி வையுங்கள். உங்கள் மெஷின் ஸ்லோவாக இருப்பது முன்பின் தெரியாத எவருக்கும் போனில் தெரியாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

● கம்ப்யூட்டர் தன் உடல்நிலையைத் தினமும் தானே எழுதி வைக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். 1 முதல் 10 வரை மதிப்பெண், நாள்வாரியாக ஒரு கோடு. எந்த நாளில் எந்த ப்ரோகிராம் விழுந்தது, எந்த அப்டேட் ஏறியது, எல்லாம் தேதியோடு இருக்கும். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. என் அனுபவத்தில் விண்டோஸில் இருக்கும் கருவிகளிலேயே அதிகம் பயன்பட்டதும், ஆட்கள் குறைவாகத் திறந்து பார்த்ததும் இதுதான்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணி, கணக்கு எழுத ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கிறார். அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது என்று கம்ப்யூட்டர் கடையில் காட்டியதற்கு மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ரிலையபிலிட்டி பக்கத்தைத் திறந்தோம். மூன்று வாரத்தில் ஒன்பது சிவப்புக் குறி. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: விண்டோஸ் முறையாக அணைக்கப்படவில்லை. எந்த ப்ரோகிராமின் பெயரும் இல்லை. நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அண்ணியே சொல்லிவிட்டார், "இதெல்லாம் கரண்ட் போன நேரம் தம்பி." யுபிஎஸ் இருக்கிறதே என்று அதன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினோம். ஒரு விநாடி கூடத் தாங்கவில்லை, கம்ப்யூட்டர் அணைந்தது. நாலு வருடத்து பேட்டரி. மதர்போர்டு அப்படியே இருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றினார். கீழே கிடந்த கோடு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, போன வாரம் நான் பார்த்தபோது 8-ஐத் தாண்டியிருந்தது.